வாத்து ஏன் விழவில்லை?

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்யும்போது, தருமபுரி, பாலக்கோடு, அரூர் பக்கத்து வீடுகளில் இன்றும் சில நேரம் ஒரு பழைய அட்டைப்பெட்டி கீழே இறங்கும். உள்ளே பழுப்பேறிய டிவி கேம் ஒன்று, ஒயர் சுருண்டு கிடக்கும் இரண்டு கைப்பிடிகள், மஞ்சள் கேசட் ஒன்றிரண்டு, ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1983-ல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற விளையாட்டுக் கணினியின் நகல்தான் அது. 90-களில் இந்தியா முழுக்கப் பல பெயர்களில் விற்றது. சிலவற்றோடு கீபோர்டும் வந்தது. அதில் பேசிக் என்ற நிரல் மொழியில் நாலு வரி அடித்துப் பார்த்த பிள்ளைகளுக்கு, வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டரே அதுதான்.

ஆசைக்கு அதை ஹாலில் தொங்கும் 32 அங்குலத் தட்டை டிவியில் மாட்டினால் படம் வந்துவிடுகிறது. கைப்பிடியை அழுத்தினால் மரியோ ஓடுகிறார், குதிக்கிறார். வாத்து சுடும் விளையாட்டில் துப்பாக்கியை எடுத்து வாத்தைக் குறிபார்த்துச் சுட்டால் மட்டும் ஒன்றும் நடப்பதில்லை. டிவியை ஒட்டி நின்று சுட்டாலும் வாத்து பறந்துகொண்டே இருக்கிறது. ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனால், “துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு, உங்க டிவிதான் ஒத்துக்காது” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

கடைக்காரர் சொல்வது சரி. ஆனால் ஒரே பெட்டியில் கைப்பிடி வேலை செய்கிறது, துப்பாக்கி செய்யவில்லை என்றால் இரண்டுக்கும் அடிப்படையிலேயே ஏதோ வித்தியாசம் இருக்க வேண்டும். அது என்ன என்று பார்க்க, பழைய வீட்டுக் கணினிகள் மனிதனின் கையை எப்படி அறிந்துகொண்டன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எளிமையானது சுவிட்ச். 1977-ல் அமெரிக்காவில் வந்த அடாரி விளையாட்டுப் பெட்டியின் ஜாய்ஸ்டிக்கில் மொத்தம் ஐந்தே சுவிட்சுகள்: மேல், கீழ், இடம், வலம், சுடு. ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு தரை ஒயர். அழுத்தாதபோது ஒயரில் 5 வோல்ட் இருக்கும்; அழுத்தினால் அது தரையோடு சேர்ந்து பூஜ்யத்துக்கு இறங்கும். கணினி அந்த ஐந்து ஒயர்களையும் எட்டிப் பார்த்தால் போதும். இந்த 9 முனை இணைப்பி அவ்வளவு எளிமையாக இருந்ததால்தான் கமடோர் 64 உட்பட ஏகப்பட்ட கணினிகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன.

எளிமைக்கும் ஒரு விலை உண்டு. கமடோர் 64-ல் முதல் ஜாய்ஸ்டிக்கைச் செருகும் வாயும் கீபோர்டும் ஒரே சில்லின் ஒரே ஒயர்களைப் பங்கு போட்டுக்கொண்டன. பேசிக் திரையில் இருக்கும்போது குச்சியை ஆட்டினால் யாரோ கீபோர்டைத் தட்டுவதுபோல எழுத்துகள் ஓடும். சிக்கனம் பிடித்த பொறியாளர்களின் கைவண்ணம். 1982-ல் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் ஜாய்ஸ்டிக் வாயே கிடையாது. பின்னால் செருகும் துணைப்பெட்டி தனியாக வாங்க வேண்டும். அப்படி ஒரு பெட்டியை சின்க்ளேரே விற்றது. அதில் குச்சியை இடப்பக்கம் தள்ளினால் கணினிக்குப் போய்ச் சேருவது ஒரு எண் விசையை அழுத்திய செய்திதான்.

பரணிலிருந்து இறங்கிய கைப்பிடி வேறு ஜாதி. திருகாணிகளைக் கழற்றிப் பிரித்தால், பொத்தான்களுக்கு அடியில் ஒரு ரப்பர்த் தகடு இருக்கிறது. அதில் ஒவ்வொரு குமிழின் அடியிலும் வட்டமாகக் கறுப்புக் கரித்துண்டு. பலகையில் ஒன்றையொன்று தொடாமல் பின்னிக்கிடக்கும் இரண்டு செம்புத் தடங்கள். அழுத்தும்போது கரி அந்த இரண்டையும் இணைக்கிறது. பொத்தான் செத்துப்போனால் பெரும்பாலும் இந்தக் கரியில் அழுக்குத்தான்; ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தாலே உயிர் வந்துவிடும்.

பொத்தான்கள் எட்டு. ஆனால் வெளியே போகும் ஒயர்கள் ஐந்து. அதிலும் இரண்டு மின்சாரத்துக்கும் தரைக்கும் போய்விடுகின்றன. மீதி மூன்றில் எட்டுப் பொத்தான்களின் நிலை எப்படிப் போகிறது? பலகையின் நடுவே ஒரு கறுப்புப் பசைத்துளி இருக்கிறதே, அதற்குள் இருக்கும் சில்லின் வேலை அது. நகர்வுப் பதிவகம் என்று அதைச் சொல்லலாம். கணினி முதல் ஒயரில் ஒரு துடிப்பு அனுப்பினால், அந்தக் கணத்தில் எட்டுப் பொத்தான்களும் எப்படி இருந்தனவோ அதைச் சில்லு பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு இரண்டாவது ஒயரில் ஒவ்வொரு துடிப்பாக வர வர, மூன்றாவது ஒயரில் ஒவ்வொரு பொத்தானின் நிலையாக வெளியே நகர்த்துகிறது. வரிசை மாறாது: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம். மூன்றாவதாக வந்த செய்தி செலக்ட் பொத்தானுடையது என்று கணினிக்குத் தெரிவது, அது மூன்றாவதாக வந்தது என்பதால் மட்டுமே.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். நம்மூர் நகல்கள் பலவற்றின் கைப்பிடிச் செருகியும் அடாரி பாணி 9 முனைச் செருகியும் பார்ப்பதற்கு ஒன்றேதான். உள்ளே முனைகளின் வேலை வேறு. ஒன்றில் மின்சாரம் வரும் முனை இன்னொன்றில் பொத்தான் முனை. ‘செருகினால் பொருந்துகிறதே’ என்று ஒன்றை இன்னொன்றில் மாட்டிப் பார்ப்பது முப்பது, நாற்பது வருடம் தாக்குப்பிடித்த சில்லை ஒரு நொடியில் சாகடிக்கும் வழி.

சுவிட்ச் ஆம், இல்லை என்ற இரண்டைத்தான் சொல்லும். படம் வரைய அது போதாது. கை எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று தெரிய வேண்டும். பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், அதாவது மாறும் மின்தடை, இங்கே உதவிக்கு வந்தது. குமிழைத் திருகத் திருக மின்சாரம் போவதற்கான தடை கூடும் அல்லது குறையும். சிக்கல் என்னவென்றால், கணினிக்கு மின்தடை என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்ணுவது மட்டும்.

ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வரும் தெருக்குழாயை நினைத்துக்கொள்ளலாம். குழாயை எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்க முடியாத ஒருவர், காலிக் குடத்தை அடியில் வைத்துவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறார். குடம் நிரம்பும்போது எண்ணிக்கை இருபது என்றால் குழாய் நன்றாகத் திறந்திருக்கிறது. இருநூறு என்றால் ஒழுகிக்கொண்டிருக்கிறது. கணினியில் குடத்தின் இடத்தில் இருப்பது மின்தேக்கி, மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைக்கும் சின்ன உறுப்பு. குழாயின் இடத்தில் மாறும் மின்தடை. மின்தேக்கியைக் காலி செய்துவிட்டு, குறிப்பிட்ட அளவுக்கு நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணினால் குமிழ் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

1977-ல் வந்த ஆப்பிள் 2 கணினியில் இந்த எண்ணும் வேலையைச் செய்தது மையச் செயலியேதான். 0 முதல் 255 வரை எண்ணும். முழுதாக எண்ணி முடிக்கச் சுமார் 3 மில்லி விநாடி. இரண்டு குமிழ்களை அடுத்தடுத்துப் படிக்கும் நிரலர்கள் நடுவில் கொஞ்சம் காத்திருக்க வேண்டும் என்று அப்போதே கற்றுக்கொண்டார்கள். எல்லாக் குடங்களும் ஒன்றாகத்தான் நிரம்பத் தொடங்கும். இரண்டாவது குடம் முந்தைய சுற்றையே இன்னும் முடிக்காமல் இருந்தால் எண்ணிக்கை தப்பாகிவிடும். கமடோர் 64 இந்த வேலையைச் செயலியிடமிருந்து பிடுங்கி, இசைக்காக வைத்திருந்த சில்லிடம் கொடுத்தது. அந்தச் சில்லு 256 துடிப்பு நேரம் மின்தேக்கியைக் காலி செய்யும், அடுத்த 256 துடிப்பு நேரம் நிரம்புவதை எண்ணும். மொத்தமே அரை மில்லி விநாடி. பாட்டுப் பாடும் சில்லுக்குக் குமிழை அளக்கும் வேலை எதற்கு என்று கேட்டால், அதில் இடம் இருந்தது என்பதைத் தவிர வேறு பதில் தோன்றவில்லை.

இது உண்மையிலேயே நேரத்தைத்தான் அளக்கிறது என்பதற்கு என்ன சாட்சி? குமிழைக் கழற்றிவிட்டு, பத்து ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு நிலையான மின்தடையை அந்த இரண்டு ஒயர்களுக்கு நடுவே வைத்துப் பார்க்கலாம். திரையில் ஒரே எண் நிற்கும். தடையை இரட்டிப்பாக்கினால் எண்ணும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். இதைவிட வலுவான சாட்சி ஐபிஎம் பிசிக்களிடமிருந்து வந்தது. அவற்றின் 15 முனை ஜாய்ஸ்டிக் வாயும் இதே மின்தேக்கி உத்திதான். எண்ணியது மையச் செயலி. 80-களின் தொடக்கத்துப் பிசியில் நூறு எண்ணிய அதே குச்சி, பத்து மடங்கு வேகமான 90-களின் பிசியில் ஆயிரத்தைத் தொட்டது. குச்சி மாறவில்லை, எண்ணுகிறவருக்கு அவசரம் கூடிவிட்டது. அந்தக் கால விளையாட்டுகள் தொடங்கும் முன், “குச்சியை இடப்பக்க மேல் மூலைக்குத் தள்ளி பொத்தானை அழுத்துக” என்று கேட்டுக்கொண்டிருந்தது இந்தக் கணக்கைச் சரிசெய்வதற்குத்தான்.

எங்கே என்ற கேள்விக்கு விடை காணத் தெரியாத இயந்திரம், அதை எப்போது என்ற கேள்வியாக மாற்றிக்கொள்கிறது. பழைய கணினிகளின் கருவிகளை வரிசையாகப் பிரித்துப் பார்த்தால் இந்த ஒரு தந்திரமே வேஷம் மாறி மாறி வருவது தெரியும்.

வரைபலகையை எடுத்துக்கொள்ளலாம். 80-களின் முற்பாதியில் அமெரிக்க வீடுகளிலும் பள்ளிகளிலும் புகழ்பெற்றிருந்த கோலாபேடில் சுமார் உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம். அதன்மேல் விரலையோ குச்சியையோ அழுத்தி இழுத்தால் திரையில் கோடு விழும். ஆப்பிள் 2, அடாரி, கமடோர் 64, ஐபிஎம் என்று ஒன்றுக்கொன்று ஒத்துவராத கணினிகளில் எல்லாம் அது வேலை செய்தது. காரணம், அது தன்னைப் பலகை என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. கிடைத்திசைக்கு ஒன்று, செங்குத்துக்கு ஒன்று என்று இரண்டு குமிழ்களாக நடித்தது. கணினியைப் பொறுத்தவரை யாரோ இரண்டு குமிழ்களைச் சேர்த்துத் திருகிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். 256-க்கு 256 என்ற எண்ணிக்கைக்குள் கோடு அங்கங்கே நடுங்கும். அந்தக் காலத் திரைகளுக்கு அது தாராளம்.

இந்தியப் பள்ளிகளுக்கு முதலில் வந்த கணினி இன்னொரு விதம். 1984-ல் நடுவண் அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் நாடு முழுவதும் சுமார் 250 பள்ளிகளுக்கு, பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் செய்த பிபிசி மைக்ரோ கணினிகள் கொடுக்கப்பட்டன. பிறகு மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், இதே கணினியை உரிமம் பெற்று யுனிகார்ன் என்ற பெயரில் செய்தது. அந்த பிபிசி மைக்ரோவின் முதுகில் 15 முனை வாய் ஒன்று உண்டு. ஜாய்ஸ்டிக்குகளை மட்டுமல்லாமல், வெப்பமானி, ஒளியுணரி போன்ற ஆய்வகக் கருவிகளையும் மாட்டுவதற்காக வைத்தது. பள்ளிக்கூடத்துக்கென்று யோசித்தவர்களின் வேலை என்பது தெரிகிறது.

உள்ளே இருந்த சில்லு மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றித் தரும். அதுவும் சேர்த்துச் சேர்த்து நேரத்தால் அளக்கும் வகைதான். ஒரு அளவைக்கு 10 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். அதன் நான்கு உள்ளீட்டுத் தடங்களையும் ஒரு சுற்று அளந்து முடிக்க 40 மில்லி விநாடி, அதாவது விநாடிக்கு 25 சுற்று. வேகமான விளையாட்டுக்கு இது கொஞ்சம் மந்தம். மாணவரின் பரிசோதனைக்கு ஏராளம். பேசிக் மொழியில் ‘பிரிண்ட் ஆட்வேல் 1’ என்ற ஒரு வரி போதும், 0 முதல் 65,520 வரை ஓர் எண் வரும். திரும்பத் திரும்ப அச்சிட வைத்தால், குச்சியைத் தொடாதபோதும் கடைசி இலக்கங்கள் ஆடிக்கொண்டே இருக்கும். அளவுகோலாக இருக்கும் மின்னழுத்தம் மூன்று சாதாரண டையோடுகளிலிருந்து வருவது, டையோடு சூட்டுக்கு மாறக்கூடியது. தருமபுரியின் சித்திரை மாதத்து மதியத்தில் ஓடும் பிபிசி மைக்ரோவும் மார்கழி விடியலில் ஓடும் பிபிசி மைக்ரோவும் ஒரே குச்சிக்கு ஒரே எண்ணைத் தர வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இந்த 15 முனை வாயும் ஐபிஎம் பிசியின் 15 முனை ஜாய்ஸ்டிக் வாயும் அச்சு அசல் ஒரே உருவம். ஆனால் பிசியின் குச்சி இரண்டு முனைத் தடையாக இருக்கிறது. பிபிசிக்கு வேண்டியது மூன்று முனையிலும் ஒயர் இணைத்த குமிழ். ஆகவே ஒன்று இன்னொன்றில் வேலை செய்யாது. உருவத்தை நம்பி ஏமாறும் கதை இரண்டாம் முறை.

இப்போது வாத்துக்கு வரலாம். அதற்குப் பழைய குழாய் டிவி படம் காட்டும் விதம் தெரிய வேண்டும். கனத்த கண்ணாடிக் குழாயின் பின்னாலிருந்து எலக்ட்ரான் கற்றை வருகிறது. அது இடமிருந்து வலமாக ஒரு வரி, பிறகு அடுத்த வரி என்று திரை முழுவதையும் விநாடிக்கு 50 முறை துடைத்து எடுக்கிறது. ஒரு வரிக்கு 64 மைக்ரோ விநாடி. ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கற்றை பட்ட இடம் பளிச்சென்று ஒளிர்ந்து உடனே மங்கத் தொடங்கும். எந்தக் கணத்திலும் முழுப் படம் திரையில் பிரகாசமாக இருப்பதில்லை. கண் ஏமாறுகிறது, செல்போன் ஏமாறுவதில்லை. குழாய் டிவியை வீடியோ எடுத்தால் திரையில் இருண்ட பட்டை உருளுவதைப் பார்க்காதவர்கள் குறைவு.

14 அங்குலத் திரையில் ஒரு சென்டிமீட்டரைக் கடக்கக் கற்றைக்குச் சுமார் 2 மைக்ரோ விநாடி பிடிக்கும். அப்படியானால் திரையின் ஒரு புள்ளியில் ஒளியுணரியை வைத்து, கற்றை அங்கே வந்த கணத்தைக் குறித்துக்கொண்டால், அந்தக் கணமே புள்ளியின் முகவரி. ஒளிப்பேனா என்ற கருவி இப்படித்தான் வேலை செய்தது. பேனா எதையும் எழுதுவதில்லை. வெளிச்சம் வந்ததும் ஒரு துடிப்பு அனுப்புகிறது. பிபிசி மைக்ரோவில் திரையை வரையும் சில்லு, அந்தத் துடிப்பு வந்தபோது தான் எந்த எழுத்துக் கட்டத்தில் இருந்தது என்று ஒரு பதிவகத்தில் குறித்து வைக்கும். ஒரு வரிக்கு 80 எழுத்து காட்டும் திரையில் ஒரு கட்டம் என்பது வெறும் அரை மைக்ரோ விநாடி. பேனாவின் மின்சுற்று கொஞ்சம் தாமதித்தாலும் முகவரி சில கட்டங்கள் வலப்பக்கம் தள்ளிப்போகும். நிரல் எழுதியவர்கள் அந்தத் தாமதத்தைக் கழித்துக்கொண்டார்கள்.

வாத்துத் துப்பாக்கி இவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுப்பாகிறது. அடுத்த படத்தில் முதல் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம். இரண்டு வாத்து என்றால் அதற்கடுத்த படத்தில் இரண்டாவதன் இடத்தில். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி வெளிச்சம் பார்த்தது எந்தப் படத்தின்போது என்று கணினி கவனிக்கிறது. முதல் படத்தில் என்றால் முதல் வாத்து செத்தது. கறுப்புத் திரையின்போதே வெளிச்சம் தெரிந்தால், ஆள் குண்டு பல்பைக் குறிபார்த்து ஏமாற்றுகிறார் என்று அர்த்தம், கணக்கில் வராது. நின்டென்டோவின் அசல் துப்பாக்கியில் இன்னொரு காவலும் உண்டு. குழாய் டிவியின் கற்றை வரிவரியாக ஓடும்போது வெளிச்சம் விநாடிக்குப் பதினைந்தாயிரம் முறைக்கு மேல் துடிக்கிறதே, அந்தத் துடிப்புக்கு மட்டுமே அதன் மின்சுற்று பதில் சொல்லும்.

தட்டை டிவியில் இரண்டும் அடிபட்டுப்போகின்றன. அதில் கற்றையே இல்லை, ஆகவே அந்தத் துடிப்பும் இல்லை. தவிர, வரும் படத்தை டிவி முதலில் உள்வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றி, சில பத்து மில்லி விநாடி கழித்துத்தான் காட்டுகிறது. ஒரு படத்துக்கான நேரமோ 20 மில்லி விநாடி. வெள்ளைக் கட்டம் திரைக்கு வந்து சேரும்போது கணினி கேள்வி கேட்டு முடித்து, ‘குறி தப்பியது’ என்று தீர்ப்பும் எழுதியிருக்கும். மரியோவுக்கு இந்தத் தாமதம் உறைக்காது, ஏனென்றால் கைப்பிடியின் செய்தி டிவி வழியாகப் போவதே இல்லை.

துப்பாக்கியை ஓட வைத்தே தீர வேண்டும் என்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஒரு வசதி இருக்கிறது. 2006 முதல் 2011 வரை அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் எல்லாம் குழாய் டிவிகள். எண்ணிக்கை ஒன்றரைக் கோடிக்கு மேல். பழைய இரும்புக் கடைகளிலும் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறைகளிலும் அவற்றில் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன. திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். அணைத்த பிறகும் குழாயில் ஆளைத் தூக்கிப்போடும் மின்சாரம் தேங்கியிருக்கும்.

குழாயை நம்பாத வரைபலகைகளும் நேரத்தையே நம்பின. 70-களில் சில பலகைகளில் பேனா முனை சின்னத் தீப்பொறி ஒன்றை வெடிக்கும். ஓரங்களில் பொருத்திய ஒலிவாங்கிகள், அந்தச் சத்தம் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்கும். ஒலி காற்றில் ஒரு மில்லிமீட்டர் போக ஏறத்தாழ 3 மைக்ரோ விநாடி. அதைக் கொண்டு தூரம், தூரத்தைக் கொண்டு இடம். அதற்கும் முன்பு, 1964-ல் அமெரிக்காவின் ரேண்ட் நிறுவனம் செய்த பலகையில் அங்குலத்துக்கு நூறு கம்பிகள் பதித்திருந்தார்கள். ஒவ்வொரு கம்பியிலும் தனித்தனி வரிசையில் துடிப்புகள் ஓடும். பேனா கேட்ட வரிசையே அது நின்ற இடம்.

இந்த நாடகத்தின் உச்சம் என்றால் கமடோரின் 1351 மவுஸைத்தான் சொல்ல வேண்டும். 1986-ல் வந்தது. அது மாட்டப்படுவது குமிழ்களுக்கான வாயில். ஆனால் அதற்குள் குமிழும் இல்லை, மாறும் தடையும் இல்லை. கணினியின் இசைச் சில்லு மின்தேக்கியைக் காலி செய்யும் கணத்தை மவுஸுக்குள் இருக்கும் சில்லு கவனிக்கிறது. மவுஸ் எவ்வளவு நகர்ந்திருக்கிறதோ அதற்கேற்ற மைக்ரோ விநாடிகள் பொறுத்திருந்து, சட்டென்று ஒயரில் மின்னழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. குடம் இப்போதுதான் நிரம்பியது என்று கணினி நம்பிவிடும்.

இன்றைய யூஎஸ்பி கைப்பிடியையும் வரைபலகையையும் பழைய கணினியில் மாட்டித் தரும் மாற்றிகள் செய்வது இதே வேலையைத்தான். 2021-ல் வந்த ராஸ்பெர்ரி பை பிகோ போன்ற பலகைக்கு மைக்ரோ விநாடியைப் பிடித்து நிறுத்துவது பெரிய காரியமே இல்லை. பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு ஒரு நடை போய்வந்தால் வேண்டிய சாமான் எல்லாம் வாங்கிவிடலாம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பிகோ 3.3 வோல்ட் பிறவி, பழைய கணினிகள் 5 வோல்ட். இரண்டையும் நேரடியாகச் சேர்க்காமல், நடுவில் மின்னழுத்த மட்டத்தை மாற்றும் சின்னப் பலகை ஒன்றையும் மறக்காமல் பையில் போட்டுக்கொள்ள வேண்டும்.